சொன்னவர் பெயரை எங்கே போடுவது?

மாசி, பங்குனியில் பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களுக்குப் போனால் திண்ணைக்குத் திண்ணை புளி தட்டிக்கொண்டிருப்பார்கள். அப்படி ஒரு திண்ணையில்தான் எங்கள் வம்சாவளியின் பாதி கிடைத்தது. அத்தைப்பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கேள்வியைக் கேட்டதும் ஓட்டை ஒதுக்கிவிட்டு, முறத்திலிருந்து ஏழு புளியங்கொட்டைகளை எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தார். ஏழு அண்ணன் தம்பிகள். ஒவ்வொரு கொட்டைக்குக் கீழேயும் பிள்ளைகளுக்குக் கொட்டைகள். பால்குடி மாறாமல் போன குழந்தைகளுக்கு உடைந்த கொட்டை. பெண் பிள்ளைகளுக்கான கொட்டைகளை மட்டும் கட்டிக்கொடுத்த ஊரின் திசையில் ஒரு சாண் தள்ளி வைத்தார். இது பாலக்கோடு, இது மாரண்டஅள்ளி, இது மலைக்கு அந்தப் பக்கம் அஞ்செட்டி. முக்கால் மணி நேரத்தில் திண்ணை முழுவதும் எங்கள் குடும்பம் பரவிக் கிடந்தது. அண்ணன் மகன் நாற்காலி மேல் ஏறி நின்று செல்பேசியில் படம் எடுத்தான்.

குலதெய்வத் திருவிழாவுக்கு 24 பக்கத்தில் ஒரு சிறு நூல் அச்சிட்டோம். புளியங்கொட்டைப் படத்தின் கீழே படம் எடுத்தவன் பெயர் இருந்தது. கணினியில் தட்டச்சு செய்தவர் பெயர், தாள் வாங்கிக் கொடுத்தவர் பெயர், தொகுத்தவன் என்று என் பெயர், எல்லாம் இருந்தன. கடைசிப் பக்கத்தில் "தகவல் தந்த பெரியோர்களுக்கு நன்றி" என்று ஒரு வரி. பேத்தி அதைப் படித்துக் காட்டியபோது அத்தைப்பாட்டி கோபப்படவில்லை. "அந்தப் பெரியோர்களில் நான் எத்தனையாவது ஆள்?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது இரண்டாம் பதிப்பு தயாராகிறது. இந்த முறை 43 பேர் உதவியிருக்கிறார்கள். ஒருவரும் கூலி வாங்கவில்லை. பழைய பத்திரங்களின் கூட்டெழுத்தைப் படித்துத் தந்தவர் ஒரு கர்ணத்தின், அதாவது பழைய கிராமக் கணக்கரின், பேரன். 1980-இல் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்டபோது அவருடைய தாத்தாவின் வேலை போனது. கையெழுத்தைப் படிக்கும் பயிற்சி மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. ஓசூர் பக்கத்து உறவுகளின் ஆவணங்களில் தெலுங்கும் கன்னடமும் கலந்திருந்தன. அவற்றைத் தமிழாக்கித் தந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஊர்ப்பெயர்களை ஒழுங்குபடுத்தியவர் இன்னொருவர். இது சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். "சேலம் ஜில்லா, கிருஷ்ணகிரி தாலுகா" என்று ஒரு பத்திரத்தில் இருக்கும் ஊர், 1965-க்குப் பின் தருமபுரி மாவட்டமாகி, 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டமாகியிருக்கும். ஒரே ஊர் மூன்று ஊராகத் தோன்றி, ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடும் அபாயம் அதில் உண்டு.

இத்தனை பேருக்கும் எப்படிப் பெயர் கொடுப்பது? நான்கைந்து வழிகளை நாங்கள் எடை போட்டுப் பார்த்தோம். இதே வேலையில் இறங்கியிருப்பவர்களுக்கு அந்தக் கணக்கு உதவலாம்.

எல்லோரும் முதலில் நினைப்பது நன்றிப் பக்கம். முன்னாலோ பின்னாலோ ஒரு பக்கம் ஒதுக்கி, 43 பெயர்களையும் அடுக்கிவிடலாம். செலவில்லை, யாரையும் விட்டுவிடவில்லை என்ற நிம்மதி உண்டு, வந்தவர்கள் புத்தகத்தைப் புரட்டித் தங்கள் பெயரைச் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள். சிக்கல் வரிசையில் தொடங்குகிறது. திருவிழா நோட்டீஸில் பெயர் இரண்டு வரி கீழே இறங்கியதால் பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளிகளை எனக்குத் தெரியும். வயதுப்படி போட்டால் வேலை செய்த இளைஞர்கள் கீழே போகிறார்கள். வேலையின் அளவுப்படி போட்டால் யார் அளப்பது? நாங்கள் கடைசியில் கண்டுபிடித்த வழி, ஊர்ப்பெயரை அகரவரிசையில் வைத்து, ஊருக்குள் ஆட்பெயரையும் அகரவரிசையில் வைப்பது. அஞ்செட்டிக்காரர்களுக்கு இதில் தனி மகிழ்ச்சி. மற்றவர்களால் தமிழ் நெடுங்கணக்கோடு சண்டை போட முடியவில்லை.

ஆனால் வரிசை தீர்ந்தாலும் நன்றிப் பக்கத்தின் உண்மையான குறை தீரவில்லை. யார் என்ன கொடுத்தார் என்பதை அது சொல்வதில்லை. கல்யாண வீட்டு மொய் நோட்டைப் பாருங்கள். ஊர், பெயர், தொகை என்று மூன்று சேதியும் ஒரே வரியில் இருக்கும். யார் எவ்வளவு எழுதினார் என்பது தெரியாத மொய் நோட்டு யாருக்காவது பயன்படுமா? நன்றிப் பக்கம் தொகை எழுதாத மொய் நோட்டு. (மொய் நோட்டே வம்சாவளிக்கு நல்ல ஆதாரம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எந்த ஊரில் யார் உறவாக இருந்தார் என்பதைப் பழைய நோட்டுகளில்தான் நாங்கள் பிடித்தோம். எரவாணத்தில் செருகி வைத்தவற்றைக் கரையானுக்கு விட்டுவிடாதீர்கள்.)

"ஊரார் தொகுத்தது" என்று பொதுப்பெயர் போட்டுவிடலாமே என்று ஒரு பெரியவர் சொன்னார். கேட்க அடக்கமாக இருந்தது. அப்படிப் போட்டால் நாளைக்கு ஒரு தவறு கண்டுபிடிக்கப்படும்போது யாரிடம் போய்க் கேட்பது என்றதும் அவரே விட்டுவிட்டார். மேடையில் பொன்னாடை போர்த்தும் யோசனையும் வந்தது. பொன்னாடை நல்லதுதான், போர்த்திக்கொண்ட படத்தைச் சட்டம் போட்டு மாட்டுவார்கள். புத்தகத்துக்குள் அது எதையும் செய்யாது.

மூன்றாவது வழி, வேலைவாரிப் பட்டியல். ஆய்வுக் கட்டுரைகளில் இப்போது ஒரு முறை இருக்கிறது. கருத்து யாருடையது, தரவைத் திரட்டியவர் யார், சரிபார்த்தவர் யார், எழுதியவர் யார் என்று 14 பங்குகளாகப் பிரித்துப் பெயர் கொடுப்பது. 2022-இல் அமெரிக்காவில் அது தர நிர்ணயமாகவே ஆகிவிட்டது. குடும்ப வரலாற்றுக்குப் பதினான்கு மிக அதிகம். ஆனால் அடிப்படை எண்ணம் சரியானது. சொல்வது ஒரு வேலை, படிப்பது ஒரு வேலை, ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு வேலை, தட்டச்சு செய்வது இன்னொரு வேலை. எல்லாவற்றையும் "உதவி" என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதால்தான் தட்டச்சு செய்தவன் மேலே வருகிறான், சொன்னவள் காணாமல் போகிறாள்.

பழைய காலத்திலும் இந்தக் குறை இருந்திருக்கிறது. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அருங்காட்சியகங்களில் இருக்கும் நடுகற்களைப் போய்ப் பாருங்கள். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், யார் மகன், தொறு (மாட்டு மந்தை) மீட்கும் பூசலில் எப்படிப் பட்டான் என்று நாலைந்து வரிக்குள் ஒரு வாழ்க்கையே இருக்கும். இந்த மண்ணில் கிடைக்கும் மிகப் பழைய வம்சக் குறிப்புகள் அவைதாம். உளி பிடித்தவன் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. பட்டவனுக்குக் கல் இருக்கிறது, கல்லை வெட்டியவனுக்கு ஒரு வரி இல்லை.

வேலைவாரிப் பட்டியல் நூலின் கடைசியில் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். 24 அல்லது 32 பக்கச் சிறுநூல் போடுகிறவர்களுக்கு நான் இதையே சொல்வேன். நன்றிப் பக்கத்தைவிடப் பல மடங்கு நேர்மையானது, கூடுதல் செலவும் இல்லை. ஆனால் பெரிய நூலுக்கு இது போதாது. 600 பெயர்கள் இருக்கும் வம்சாவளியில் "வாய்மொழித் தகவல்: இன்னின்ன ஒன்பது பேர்" என்றால், 412-ஆம் ஆளைப் பற்றி அந்த ஒன்பதில் யார் சொன்னார் என்பது தெரியாது.

அதனால் நான்காவது வழிக்கு வந்தோம். ஒவ்வொரு செய்தியின் பக்கத்திலேயே அதைக் கொடுத்தவர் பெயர். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எங்கள் எண்ணமே இந்த இடத்தில்தான் திரும்பியது.

எங்கள் பக்கத்தில் எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் "திப்பு காலத்தில் வந்தோம்" என்பார்கள். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கைப்படி திப்புவிடமிருந்து பாராமகால் என்ற எங்கள் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. கேப்டன் ரீடும் அவருக்கு உதவியாக மன்றோவும் வந்து நிலத்தை அளந்து வரி விதித்தார்கள். இவை பதிவில் உள்ளவை. நம் முப்பாட்டன் அப்போது எங்கே இருந்தார் என்பது வேறு கேள்வி. எங்கள் முதல் நூலில் நான் "திப்பு காலத்தில் இப்பகுதிக்குக் குடிபெயர்ந்தனர்" என்று எழுதிவிட்டேன். அச்சில் வந்ததும் அது வரலாறாகிவிட்டது. இரண்டு வருடத்தில் வேறு இரண்டு குடும்பங்களின் மலர்களில் அதே வாக்கியம், என் எழுத்துப் பிழை உட்பட, வந்துவிட்டது. "என் மாமனார் சொல்லக் கேட்டேன் என்று பெரியம்மா சொன்னார்" என்று அன்றைக்கே போட்டிருந்தால், படிப்பவர் அதற்குத் தகுந்த மரியாதையை மட்டும் கொடுத்திருப்பார். பெரியம்மாவுக்கும் பெயர் கிடைத்திருக்கும்.

அதாவது, பெயர் போடுவதை உதவி செய்தவருக்கு நாம் செய்யும் உபசாரம் என்றே இதுவரை நினைத்துக்கொண்டிருந்தோம். அது செய்தியின் ஒரு பகுதி. யார் சொன்னார் என்பது தெரியாத செய்தியின் எடை தெரியாது. ஏட்டுச் சுவடிகளைத் தேடி அலைந்த உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளின் முகவுரையில் எந்தப் பிரதி யாரிடமிருந்து வந்தது என்று எழுதி வைத்ததை நன்றியறிதல் என்று மட்டும் படித்துப் பழகிவிட்டோம். ஒரு பாடத்தின் மேல் சந்தேகம் வந்தால் எந்தச் சுவடியைத் திரும்பப் பார்ப்பது என்று பின்னால் வருகிறவருக்கு அந்தப் பட்டியல் சொல்லிவிடுகிறது.

பக்கத்திலேயே பெயர் போடும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. ஒரு செய்தி நம் கைக்கு வரும்போது கடைசியாகக் கொடுத்தவரை மட்டும்தான் நமக்குத் தெரிகிறது. தென்னாப்பிரிக்காவில் டர்பனில் இருக்கும் ஓர் உறவினர் கப்பல் பதிவேட்டு வரி ஒன்றை எங்களுக்கு அனுப்பினார். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பனை அடைந்ததில் தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக டர்பன் இருக்கும் நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை பதிவேட்டில் இருக்கும். எங்கள் வரியில் ஜில்லா சேலம். கிராமத்தின் பெயரை எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருந்தார். "நன்றி: டர்பன் உறவினர்" என்று எழுதி முடித்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. அந்தப் பதிவேடுகளை வருடக்கணக்கில் உட்கார்ந்து பெயர் பெயராகக் கணினியில் ஏற்றியவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்திலும், அந்த ஆங்கில எழுத்துக் குவியலை வாய்விட்டுப் பலமுறை படித்துப் பார்த்து, இது காரிமங்கலம் பக்கத்து ஊர்தான் என்று கண்டுபிடித்த கல்லூரி மாணவி ஒருத்தி இருக்கிறாள். அனுப்பியவருக்கு மட்டும் நன்றி சொல்லிவிட்டு அவளை மறந்திருந்தால், ஊர் பதிவேட்டிலேயே தெளிவாக இருந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். அது அவள் செய்த ஊகம். நல்ல ஊகம்தான், ஆனாலும் ஊகம் என்பது படிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

இதன் குறை பக்கம் கூடுவது. எங்களுக்கு 12 பக்கம் கூடியது. படிக்கும்போது கண்ணில் மண் விழுந்ததுபோல் குறிப்புகள் உறுத்தும் என்றார்கள். அதற்கு ஒரு சுருக்கம் செய்தோம். சொன்னவர், படித்தவர், சரிபார்த்தவர் என்ற மூன்றுக்கும் சொ, ப, ச என்று ஒரெழுத்துக் குறி. ஒவ்வொருவருக்கும் ஊரின் முதலெழுத்தோடு ஓர் எண். "சொ: பெ4, ச: பா2" என்று வரி முடிவில் சிறிய எழுத்தில் வரும். பெ4 யார் என்று பின்பக்க ஊர்வாரிப் பட்டியலில் முழுப்பெயரோடு பார்த்துக்கொள்ளலாம். நன்றிப் பக்கத்துக்காக நாங்கள் சண்டையில்லாமல் அமைத்த அகரவரிசை கடைசியில் இதற்குத்தான் பயன்பட்டது.

இணையத்தில் ஏற்றினால் இந்தத் தலைவலியே இல்லை, எந்திரமே பார்த்துக்கொள்ளும் என்று அண்ணன் மகன் சொன்னான். பாதி உண்மை. விக்கிட்ரீ, ஃபேமிலிசர்ச் போல் பலரும் சேர்ந்து வம்சாவளி ஏற்றும் இணையப் பொதுமரங்களில் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற கணக்கு தானாக நிற்கிறது. பிறர் உழைப்புக்கு உரியவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது விக்கிட்ரீயில் சேருகிறவர்கள் ஒப்புக்கொள்ளும் நெறிகளில் ஒன்று. ஆனால் அந்தக் கணக்கில் நிற்பது கணக்குப் பெயர் வைத்திருப்பவர், அதாவது விசைப்பலகையில் கை வைத்தவர். புளியங்கொட்டை வைத்த அத்தைப்பாட்டிக்கு அங்கே கணக்கு கிடையாது. ஆதாரம் என்ற கட்டத்தில் நாமே அவர் பெயரையும் கேட்ட மாதத்தையும் எழுதினால்தான் உண்டு. மேலும், மரத்தை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற ஜெட்காம் என்ற கோப்பு வடிவம் இருக்கிறது. மாற்றங்களின் அந்த நீண்ட கணக்கு அதில் ஏறாது. ஆதாரக் கட்டத்தில் எழுதியது பெரும்பாலும் கூடவே போகும். ஆகவே எழுதும் வேலை நம் தலையில்தான்.

சட்டம் காப்பாற்றும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 57-ஆம் பிரிவு, இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை ஆசிரியருக்குக் கொடுக்கிறது. உரிமையை விற்றுவிட்டாலும் அது அவரிடமே இருக்கும். எடுத்த புகைப்படம், எழுதிய கட்டுரை, வரைந்த கொடிவழிப் படம் ஆகியவற்றுக்கு இது பொருந்தும். பெயர், பிறந்த தேதி, யாருக்கு யார் மகள் என்பவை உண்மைகள். அவற்றுக்கு யாரும் சொந்தக்காரர் ஆக முடியாது. பாடுபட்டுத் திரட்டினேன் என்ற உழைப்பு மட்டுமே பதிப்புரிமைக்குப் போதாது என்று உச்ச நீதிமன்றமும் 2007 டிசம்பரில், தீர்ப்புத் தொகுப்புகள் பற்றிய ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. பெயர் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனையோடு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் போட்டாலும், நம் வாக்கியங்களை எடுப்பவர்தான் அதற்குக் கட்டுப்பட்டவர். 600 பெயர்களை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு போகிறவரை ஒன்றும் செய்ய முடியாது. ஆக, சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் நாம் செய்வதுதான் இங்கே பெரும்பகுதி.

எங்கள் முடிவு: செய்திக்குப் பக்கத்தில் குறி, பின்னால் ஊர்வாரிப் பட்டியல், முன்னால் நாலு வரியில் நன்றி. இணையத்தில் ஏற்றும்போது அதே மூன்று பங்கும் ஆதாரக் கட்டத்தில் போகும். இதைச் செய்யும்போது வேறு சில முடிச்சுகளும் வந்தன.

முதல் முடிச்சு பெண்களுடையது. 43 பேரில் சொன்னவர்கள் பெரும்பாலும் பெண்கள். மாமியார் வீட்டு வம்சமும் பிறந்த வீட்டு வம்சமும் ஒருசேரத் தெரிந்தவர்கள் அவர்கள்தாம். ஆனால் பட்டியல் தயாரித்தவர்கள் என்னிடம் கொண்டுவந்த தாளில் "இன்னாரின் மனைவி", "இன்னாரின் தாயார்" என்றே பாதிப் பேர் இருந்தார்கள். ஒரு பெரியம்மாவின் பெயர் என்னவென்று அவருடைய பேரனுக்கே தெரியவில்லை. ரேஷன் அட்டையைப் பார்த்துச் சொன்னான். பட்டியலைத் திருப்பிக் கொடுத்து, அவரவர் பெயரை அவரவரிடமே கேட்டு எழுதிவரச் சொன்னேன். வம்சாவளிப் படத்திலும் இதே கதைதான் நடக்கிறது. ஆண் வழியில் கோடு இழுத்துவிட்டுப் பெண்ணை அடைப்புக்குள் போடுகிறோம். அதை இந்தப் பதிப்பில் முழுவதும் சரிசெய்ய முடியவில்லை.

அடுத்தது, பெயர் வேண்டாம் என்றவர்கள். தத்து, இரண்டாம் தாரம், வீட்டை எதிர்த்துச் செய்துகொண்ட கல்யாணம் ஆகியவற்றைப் பற்றிச் சொன்னவர்களில் ஐந்து பேர், தங்கள் பெயர் வரக் கூடாது என்றார்கள். உள்ளூரில் வாழ வேண்டியவர்கள், அவர்கள் சொல்வதும் நியாயம்தான். "பெயர் வெளியிட விரும்பாதவர்" என்று குறி போட்டோம். யார் என்பது தொகுத்தவர்களின் கையெழுத்து நோட்டில் மட்டும் இருக்கிறது. இதைச் செய்தி வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும். அச்சுக்குப் போகும் முன்தினம் 43 பேருக்குப் போன் போட்டுக் கேட்பது எவ்வளவு பெரிய வேதனை என்பதை நான் அனுபவித்துவிட்டேன். சொல்லிவிட்டு இறந்துபோனவர்களுக்கு வீட்டாரைக் கேட்டுப் பெயரையும் எங்களிடம் சொன்ன ஆண்டையும் போட்டோம்.

கடைசி முடிச்சு தவறாகச் சொன்னவர்களைப் பற்றியது. கர்ணத்தின் பேரன் படித்துத் தந்த பத்திரம் ஒன்றில் பெரியதம்பி என்று ஓர் ஆள் இருந்தார். எங்கள் பக்கத்தில் அப்படிப் பெயர் உண்டு. கொடிவழியில் அவரை ஏழு பேரோடு எட்டாவதாகச் சேர்த்தோம். அவருக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை, நிலம் இல்லை. அத்தைப்பாட்டியின் திண்ணையிலும் எட்டாவது கொட்டை இல்லை. மாதிரிப் படி கிருஷ்ணகிரிக்குப் போனபோது தெலுங்கு தெரிந்த அந்த ஆசிரியை வரியின் முடிவில் இருந்த "ப" குறியைப் பார்த்து நேராகக் கர்ணத்தின் பேரன் வீட்டுக்கே போய்விட்டார். இருவரும் பத்திரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். "என் பெரிய தம்பியும் சின்னத் தம்பியும்" என்று இருந்ததில், மடிப்பில் பின்பாதி தேய்ந்திருந்தது. பெரியதம்பி என்ற மனிதர் அன்றோடு மறைந்தார்.

கர்ணத்தின் பேரனுக்குக் கூச்சம். அந்த இடத்தில் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். மற்ற எழுபது பத்திரங்களையும் படித்தவர் அவர்தான், இங்கே மட்டும் எப்படி எடுப்பது என்று கேட்டேன். படித்தவர் பெயரும் திருத்தியவர் பெயரும் அடுத்தடுத்து வரும் என்றதும், அப்படியானால் எழுத்தையாவது கொஞ்சம் சிறியதாகப் போடுங்கள் என்றார். போட்டோம், இரண்டு பெயரையும் ஒரே அளவில்.